பிஐஎஃப், இடிடிஆர், சிபிஎல், எல்என்ஐபி: கேமராக்காரங்க பேசுற சுருக்கெழுத்துக்கெல்லாம் என்ன அர்த்தம்?

தம்பி, நீங்க கேட்டதை முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியணும்ல. பாம்பன்ல இருக்கீங்க, அப்பா மீன்புடி படகு வச்சிருக்காரு, ஆறு மாசமா உங்ககிட்ட ஒரு பழைய நிக்கான் டி5300 இருக்கு, கேமராவோட சேர்ந்து வந்த கிட் லென்ஸ் மட்டும்தான். பூநாரை எடுக்க மதுரையில இருந்து வந்த நாலு பேரோட தனுஷ்கோடி அரிச்சல்முனைக்குப் போயிருக்கீங்க. அவங்க காலையில அஞ்சரைல இருந்து ஒம்போது வரைக்கும் பேசினதுல பாதி புரியல, பிஐஎஃப், ஏஎஃப்-சி, பேக் பட்டன், இடிடிஆர், வைட் ஓபன், சிபிஎல், சிம்பிங், எஸ்ஓஓசி, காஸ்னு காதுல விழுந்ததையெல்லாம் போன்ல எழுதிவச்சு அனுப்பியிருக்கீங்க. கூடவே ஒரு லென்ஸ் விக்கிற விளம்பரமும் அனுப்பி "இதை வாங்கலாமாண்ணே, ஆயிரம் ரூவா அட்வான்ஸ் கேக்குறாரு"ன்னு கேட்டிருக்கீங்க.

அட்வான்ஸ் குடுத்துடாதீங்க. மத்ததெல்லாம் பொறவு, முதல்ல இது.

அந்த விளம்பரத்துல "நிக்கான் ஏஎஃப் 70-300 எஃப்4-5.6 ஜி"ன்னு இருக்கு. ஏஎஃப்-எஸ் இல்ல, வெறும் ஏஎஃப், அதாவது ஆட்டோ ஃபோகஸ், கேமராவே ஃபோகஸ் பிடிக்கிறது. அந்த ஒரு "எஸ்" இல்லாததுல தான் உங்க காசு போகப் பார்த்துச்சு. நிக்கான்ல பழைய ஏஎஃப் லென்ஸுக்குள்ள மோட்டார் கிடையாது, கேமரா பாடிக்குள்ள இருக்கிற மோட்டார் ஒரு சின்ன ஸ்க்ரூ வழியா லென்ஸைத் திருப்பும். டி7000 வரிசை, அதுக்கு மேல உள்ள டிஎஸ்எல்ஆர்ல (உள்ள கண்ணாடி வச்ச கேமரா) எல்லாம் அந்த மோட்டார் இருக்கு, ஆனா டி3000 வரிசை, டி5000 வரிசையில இல்ல. உங்க டி5300ல அந்த லென்ஸை மாட்டினா படம் எடுக்கலாம், லைட்டு அளக்கும், ஃபோகஸ் மட்டும் கையாலதான் திருப்பணும். பறக்கிற ஆலாப் பறவையை கையால ஃபோகஸ் பண்றதுக்கு பல வருசப் பழக்கம் வேணும். உங்களுக்கு வேண்டியது ஏஎஃப்-எஸ்னு போட்டிருக்கணும், அதுல மோட்டார் லென்ஸுக்குள்ளயே இருக்கும். ஏஎஃப்-பின்னு இன்னொண்ணு இருக்கு, அதுலயும் மோட்டார் உண்டு, வேற வகை மோட்டார், உங்க பாடியில பழைய ஃபர்ம்வேர் (கேமராவுக்குள்ள ஓடுற மென்பொருள்) இருந்தா அப்டேட் பண்ணணும்.

நானும் இதே குழியில விழுந்திருக்கேன். டி3100 வச்சிருந்தப்ப 50 எம்எம் 1.8 டி ஒண்ணை நல்ல வெலைன்னு வாங்கிட்டு வந்து மாட்டுனா ஃபோகஸ் அசையவே இல்ல, லென்ஸ் ரிப்பேருன்னு நெனச்சு ரெண்டு நாள் சாப்பாடு எறங்கல. ரிப்பேரெல்லாம் இல்ல, அந்த எழுத்துக்கு என்ன அர்த்தம்னு கேக்காம வாங்கினது தான் காரணம். அதுல இருந்து தான் இந்த எழுத்துங்களை ஒவ்வொண்ணா தோண்ட ஆரம்பிச்சேன், அதனால உங்க கேள்வியைப் பார்த்ததும் உக்காந்து முழுசா எழுதிடணும்னு தோணுச்சு.

இந்த வார்த்தைங்களை மனப்பாடம் பண்ணாதீங்க. ஒவ்வொண்ணையும் "இதை யாரு பேரு வச்சா, எதுக்கு வச்சா"ன்னு கேளுங்க. கொஞ்சம் கம்பெனிக்காரன் லென்ஸ் விக்க வச்ச பேரு. கொஞ்சம் லைட்டுக்கும் கண்ணாடிக்கும் உள்ள கணக்கு, அதை எந்தக் கம்பெனியும் மாத்த முடியாது. மீதி கேமராக்காரங்க தங்களுக்குள்ள பேசிப் பேசி உண்டாக்கினது. உங்க அப்பா காலையில வாசல்ல நின்னு "கச்சான் ஏறிருச்சு, இன்னைக்கு வேணாம்"னு சொல்லுவாருல்ல, கச்சான்னா மேக்காத்து, கொண்டல்னா கெழக்க இருந்து வர்றது, வாடைன்னா வடக்க இருந்து வர்றது. அந்த ஒரு சொல்லுல எந்தப் பக்கம் அலை அடிக்கும், வலை எங்க போடலாம், போகலாமா வேணாமான்னு எல்லாம் இருக்கு. வெளியூர்க்காரனுக்கு அது வெறும் காத்து. கேமரா வார்த்தையும் அப்படித்தான், வேலைக்கு ஆகுற வார்த்தையா இருந்தா ஒரு நாள் கடக்கரையில நின்னாலே மண்டையில ஏறிடும்.

கம்பெனிக்காரன் வச்ச பேருல இருந்து வர்றேன், ஏன்னா காசு போறது அங்கதான்.

ஒரு லென்ஸ் பேரை முழுசா படிச்சுப் பார்ப்போம். "ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் நிக்கார் 18-140 எம்எம் எஃப்3.5-5.6 ஜி இடி விஆர்". ஏஎஃப்-எஸ் சொல்லிட்டேன். டிஎக்ஸ்னா சின்ன சென்சாருக்கான லென்ஸ் (சென்சார்னா ஃபிலிமுக்குப் பதிலா லைட்டைப் பிடிக்கிற சில்லு), உங்க டி5300ல இருக்கிறது அந்த சென்சார் தான். பெரிய சென்சாருக்கு எஃப்எக்ஸ்னு சொல்லுவாங்க, வெளியில பொதுவா ஃபுல் ஃப்ரேம். ஜின்னா லென்ஸ் மேல அப்பர்ச்சர் (லைட்டு உள்ள வர்ற துவாரம்) திருப்புற வளையம் கிடையாது, கேமராவுல இருந்து தான் மாத்தணும். இடின்னா கலர் பிரிஞ்சு ஓரத்துல ஊதாக் கோடு விழாம இருக்க போடுற தனி ரகக் கண்ணாடி. விஆர்னா கை நடுக்கத்தைக் கொறைக்கிறது. இம்புட்டு தான், இந்த பேரைப் படிக்கத் தெரிஞ்சா நிக்கான்ல நெறைய லென்ஸைப் படிச்சிடலாம்.

தலைவலி எங்கன்னா ஒரே விசயத்துக்கு ஒவ்வொருத்தனும் ஒரு பேரு வச்சிருக்கான். கை நடுக்கத்தைக் கொறைக்கிற சமாச்சாரம் நிக்கான்ல விஆர், கேனன்ல ஐஎஸ், சோனியில ஓஎஸ்எஸ், சிக்மாவுல ஓஎஸ், டேம்ரான்ல விசி, ஃபியூஜியில ஓஐஎஸ். சின்ன சென்சார் லென்ஸுன்னா நிக்கான்ல டிஎக்ஸ், கேனன் டிஎஸ்எல்ஆர்ல இஎஃப்-எஸ், சிக்மாவுல டிசி, டேம்ரான்ல டிஐ-2. பேரு தான் வேற, சரக்கு ஒண்ணு, நம்ம பக்கம் ஒரே மீனை கரைக்குக் கரை வேற பேரு சொல்லி விக்கிறதில்லையா, அந்த மாதிரி. விளம்பரம் பாக்குறப்ப "விசின்னு போட்டிருக்கு, விஆர் இல்லையே"ன்னு கொழம்பாதீங்க.

இன்னொரு வம்பு, நிக்கான்ல ஏஎஃப்-எஸ்ங்கிறது ரெண்டு எடத்துல வரும். லென்ஸ் மேல இருந்தா மோட்டாரைப் பத்தி. கேமரா மெனுவுல இருந்தா ஒரு தடவை ஃபோகஸ் பிடிச்சு அப்படியே நிக்கிற மோடு. மதுரைக்காரங்க சொன்ன ஏஎஃப்-சி மெனுவுல இருக்கிறது, பட்டனை அமுக்கிப் பிடிச்சிருக்கிற வரைக்கும் ஃபோகஸ் விடாம தொடர்ந்து தேடிக்கிட்டே இருக்கும். அதையே கேனன்காரர் ஏஐ சர்வோன்னு சொல்லுவாரு. உங்க கேமராவுல டயல்ல ஏ, எஸ்னு இருக்கிறதும் கேனன்ல ஏவி, டிவின்னு இருக்கும், ஏவின்னா துவாரத்தை நாம வைக்கிற மோடு, டிவின்னா டைம் வேல்யூ, ஷட்டர் (லைட்டை உள்ள விட்டு மூடுற கதவு) வேகத்தை நாம வைக்கிற மோடு. டயல்லயோ ஷட்டர் வேகக் கடைசியிலயோ 'பி'ன்னோ 'பல்பு'ன்னோ இருக்கும் பாருங்க, அது லைட்டு பல்பு இல்ல. அந்தக் காலத்துல ரப்பர் உருண்டை ஒண்ணை அமுக்கி காத்தால ஷட்டரைத் தொறப்பாங்க, அமுக்கிப் பிடிச்சிருக்கிற வரைக்கும் தொறந்திருக்கும், அந்த ரப்பர் பல்பு தான் இன்னைக்கு வரைக்கும் பேரா நிக்குது.

ஐபிஸ்னு அவங்க பேசினதை நீங்க "அரிவாள்மூக்கன்"னு அடைப்புக்குறிக்குள்ள எழுதி அனுப்பியிருந்தீங்க. சக்கரக்கோட்டை கண்மாயில நின்னு பேசியிருந்தா பறவையாத்தான் இருக்கும், நீங்க நெனச்சதுல தப்பே இல்ல. ஆனா கேமராவைப் பத்தி பேசுறப்ப சொன்னாங்கன்னா அது பாடிக்குள்ளயே சென்சாரை அசைச்சு நடுக்கத்தைக் கொறைக்கிற ஏற்பாடு, உள்ள கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுல நெறைய இருக்கு, உங்க டி5300ல இல்ல. இதுல ஒண்ணு நல்லா மனசுல வைங்க, விஆரோ ஐபிஸோ எதுவா இருந்தாலும் உங்க கை ஆடுறதைத்தான் நிறுத்தும், பறவை ஆடுறதை நிறுத்தாது. அதுக்கு ஷட்டர் வேகம் மட்டும்தான் மருந்து.

இப்ப லைட்டுக் கணக்குக்கு வர்றேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச எடம் இதுதான், நம்ம கரை மாதிரி இதைக் கத்துக்குடுக்கிற எடம் கெடைக்காது.

ஸ்டாப்னு ஒரு வார்த்தை இருக்கு, மொத்தப் பேச்சும் அதுமேல தான் நிக்குது. ஒரு ஸ்டாப் ஏத்துறதுன்னா லைட்டை ரெண்டு மடங்கு ஆக்குறது, எறக்குறதுன்னா பாதியாக்குறது. ஷட்டர்ல 1/500ல இருந்து 1/250க்கு வந்தா ஒரு ஸ்டாப் ஏறுது. ஐஎஸ்ஓ, அதாவது லைட்டுக்கு கேமரா எம்புட்டு உணர்வா இருக்குங்கிற அளவு, அது 200ல இருந்து 400க்குப் போனா ஒரு ஸ்டாப். அப்பர்ச்சர்ல மட்டும் நம்பர் கோணலா போகும், 2, 2.8, 4, 5.6, 8, 11, 16னு, ஒவ்வொண்ணும் முன்னதை விட 1.4 மடங்கு, ஏன்னா அது துவாரத்தோட அகலத்தை வச்சு வர்ற கணக்கு, லைட்டு வர்றது பரப்பளவைப் பொறுத்து. நம்பர் கூடக் கூட துவாரம் சின்னதாகும். வைட் ஓபன்னா அந்த லென்ஸ் எம்புட்டு தொறக்குமோ அம்புட்டும் தொறக்கிறது. ஸ்டாப் டவுன்னா கொஞ்சம் மூடுறது. ஃபாஸ்ட் லென்ஸ்னு சொன்னா வேகமா ஃபோகஸ் பண்ற லென்ஸ் இல்ல, நெறைய தொறக்கிற லென்ஸ், 1.8, 2.8 மாதிரி, லைட்டு நெறைய வர்றதால ஷட்டரை வேகமா வைக்க முடியும், அதான் அந்தப் பேரு.

ஐஎஸ்ஓ பத்தி ஒரு வரி. ஃபிலிம் காலத்துல அமெரிக்காக்காரனுக்கு ஏஎஸ்ஏன்னு ஒரு அளவு, ஜெர்மன்காரனுக்கு டின்னு ஒரு அளவு, ரெண்டையும் 1974ல ஒண்ணாக்கினப்ப வந்த பேரு தான் ஐஎஸ்ஓ. ராமநாதபுரத்துல பழைய ஸ்டூடியோ அண்ணன்மாரு இன்னும் "ஹன்ட்ரட் ஏஎஸ்ஏ"ன்னு சொல்றாங்கன்னா அதையும் இதையும் ஒண்ணாவே எடுத்துக்கங்க.

அடுத்தது ஈவி. தனுஷ்கோடி மண்ணை எடுத்தா உங்க படத்துல அது வெள்ளையா வருதா? வந்திருக்காது, அழுக்கு சாம்பலா வந்திருக்கும், எனக்கும் முதல் வருசம் பூரா அப்படித்தான் வந்துச்சு. காரணம் என்னன்னா கேமராவுக்குள்ள லைட்டை அளக்கிற மீட்டருக்கு வெள்ளை மண்ணுன்னும் தெரியாது கருப்புப் பாறைன்னும் தெரியாது, எதைக் காமிச்சாலும் அது நடுத்தர சாம்பல்னு நெனச்சு அளக்கும். கடையில 18 சதவீத சாம்பல் அட்டைன்னு விக்கிறாங்கல்ல, கிட்டத்தட்ட அந்த நெறம் தான் அதோட கணக்கு. வெள்ளை மணல், வெயில்ல மின்னுற தண்ணி, வெளுத்த வானம்னு மூணும் சேர்ந்து வர்றப்ப "ஐயையோ லைட்டு ஜாஸ்தி"ன்னு அது கொறைச்சிடும். நாம "இல்லப்பா, இது நெசமாவே வெள்ளை"ன்னு சொல்லணும், அப்படி சொல்ற பட்டன் தான் பிளஸ் மைனஸ் போட்டிருக்கிற எக்ஸ்போஷர் காம்பன்சேஷன், வாயில இசி, ஈவி ரெண்டும் வரும். தனுஷ்கோடி மண்ணுக்கு பிளஸ் 1ல ஆரம்பிச்சுப் பாருங்க. அதே எடத்துல சூரியன் ஏறுறதுக்கு முன்னாடி இருட்டுத் தண்ணியில ஒத்தப் பூநாரை நிக்குதுன்னா கணக்கு தலைகீழ், மீட்டர் இருட்டைப் பார்த்து லைட்டைக் கூட்டி பறவையோட வெள்ளையை எரிச்சிடும், அங்க மைனஸ் போடணும். ஒரே காலையில, நூறு அடி தள்ளி, ஒண்ணுக்கு பிளஸ் ஒண்ணுக்கு மைனஸ்.

மீட்டரே இல்லாம எடுக்கிறதுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு, சன்னி 16. பளீர்னு வெயில் அடிக்கிறப்ப எஃப்16 வச்சு, ஐஎஸ்ஓ என்னவோ அதையே ஷட்டரா வை, ஐஎஸ்ஓ 100ன்னா 1/100. மணல் வெளின்னா எஃப்22ன்னு அதுலயே சொல்லி வச்சிருக்காங்க, ஏன்னா கீழ இருந்தும் வெளிச்சம் அடிக்குது. நம்ம கரைக்கு அந்த ரெண்டாவது கணக்கு தான்.

இடிடிஆர்ங்கிறது இதுக்கு அடுத்த படி. எக்ஸ்போஸ் டு த ரைட். படத்தோட வெளிச்சத்தை ஒரு மலை மாதிரி வரைஞ்சு காட்டுமே ஹிஸ்டோகிராம், அதுல வலது பக்கம் வெள்ளை, எடது பக்கம் கருப்பு. எரிஞ்சு போகாத அளவுக்கு அந்த மலையை வலது பக்கமா தள்ளி எடுத்துட்டு, பொறவு கம்ப்யூட்டர்ல எறக்கிக்கிறது. நிழல்ல புள்ளி புள்ளியா வர்ற நாய்ஸ் கொறையும், அதுக்குத்தான் செய்யிறது. ரா ஃபைல் (கேமரா எடிட் பண்ணாம அப்படியே குடுக்கிறது) எடுக்கிறவங்களுக்குத் தான் இது லாபம், ஜேபெக் (கேமராவே முடிச்சுக் குடுக்கிற படம்) எடுக்கிறவங்க செஞ்சா வெளுத்துப் போன படம் தான் மிஞ்சும். பூநாரைக்கு நான் இதை சொல்ல மாட்டேன், அந்த எறகு வெள்ளை ஒரு தடவை எரிஞ்சு போச்சுன்னா திரும்ப வராது. பிளேபேக்ல கருப்பா மினுக்கு மினுக்குன்னு அடிக்கிற ஹைலைட் வார்னிங்கை ஆன் பண்ணி வைங்க, அதைத்தான் பிளிங்கீஸ்னு சொல்றாங்க, எறகுல மினுக்கினா உடனே ஒரு ஸ்டாப்ல மூணுல ஒரு பங்கு எறக்குங்க.

சிபிஎல், கண்டிப்பா வாங்க வேண்டிய ஒரே ஃபில்டர்னு நான் சொல்லுவேன், அதுவும் நம்மள மாதிரி கடலோரத்துல இருக்கிறவங்களுக்கு. சர்க்குலர் போலரைசர். குந்துகால் பக்கமோ குருசடைத் தீவு பக்கமோ போட்ல போறப்ப தண்ணி மேல வானம் பளபளன்னு தெரியும், கீழ பாசியும் பாறையும் இருக்கிறது தெரியாது. இந்த ஃபில்டரை மாட்டி மெதுவா திருப்புங்க, ஒரு எடத்துல அந்தப் பளபளப்பு அப்படியே கழண்டு போயி தண்ணிக்குள்ள இருக்கிறது தெரியும். முதல் தடவை பாத்தப்ப எனக்கு புல்லரிச்சிடுச்சு. தண்ணியை நேரா குனிஞ்சு பாத்தா வேலை செய்யாது, தொடுவானத்தைப் பாத்தாலும் சரியா வராது, தண்ணி மட்டத்துல இருந்து ஒரு 37 டிகிரி சாய்வா பாக்குறப்ப தான் முழுசா வெட்டும். வானத்தை நீலமாக்கணும்னா சூரியன் உங்க தோள்பட்டைப் பக்கம் இருக்கணும். ஒண்ணுல இருந்து ரெண்டு ஸ்டாப் லைட்டை அது தின்னுடும், அதனால பறவை பறக்கிறப்ப கழட்டி வச்சிருங்க. சர்க்குலர்னா வட்டமா இருக்கிறதால வந்த பேருன்னு நெறைய பேரு நெனைக்கிறாங்க, இல்ல, லைட்டை சுழல விட்டு உள்ள அனுப்புறதால வந்த பேரு. வெறும் லீனியர் வகையைப் போட்டா டிஎஸ்எல்ஆர் கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கிற மீட்டரும் ஃபோகஸும் கொழம்பும், அதனால உங்களுக்கு சர்க்குலர் தான்.

என்டி ஃபில்டர் கறுப்புக் கண்ணாடி, லைட்டைக் கொறைக்க மட்டும். இதுலயும் பேருக் கொழப்பம், என்டி8ன்னாலும் 0.9ன்னாலும் 3 ஸ்டாப்னாலும் ஒண்ணே தான். என்டி1000ன்னா 3.0, பத்து ஸ்டாப். சாயங்காலம் பாம்பன் பாலத்துக்குக் கீழ 1/60ல வர்ற லைட்டு அதை மாட்டினா சுமார் 17 செகண்ட் ஆகும், அலை எல்லாம் பஞ்சு மாதிரி ஆயிடும், தூண் மட்டும் நிக்கும். 2025ல தொறந்த புது ரயில் பாலத்தை அப்படி எடுத்து வைங்க. பாலத்து மேல காத்து ஓயாது, அதனால ட்ரைபாட் கீழ பையைக் கட்டித் தொங்க விடுங்க, விஆரை ஆஃப் பண்ணிடுங்க.

சரி, பிஐஎஃப். பேர்ட்ஸ் இன் ஃப்ளைட், பறக்கிற பறவை, அம்புட்டு தான். ஆனா அந்த மூணு எழுத்தை ஒருத்தர் சொன்னாருன்னா ஒரு மொத்த செட்டிங்கையும் சேர்த்து சொல்றாருன்னு அர்த்தம். ஏஎஃப்-சி, தொடர்ச்சியா எடுக்கிற பர்ஸ்ட் மோடு, ஷட்டர் 1/1600க்குக் கொறையாம, உங்க லென்ஸுக்கு எஃப்5.6ல இருந்து 8, ஐஎஸ்ஓ தேவைக்கு ஏத்த மாதிரி. பேக் பட்டன்னா, பிபிஎஃப்னும் சொல்லுவாங்க, ஃபோகஸ் வேலையை ஷட்டர் பட்டன்ல இருந்து பிரிச்சு பின்னாடி கட்டைவிரல் படுற பட்டனுக்கு மாத்திடறது. உங்க டி5300ல ஏஇ-எல் ஏஎஃப்-எல் பட்டனை மெனுவுல ஏஎஃப்-ஆன்னு மாத்தணும். முதல் மூணு நாள் கை ஏமாறும், நாலாவது நாள் விட மாட்டீங்க. நிக்கிற பறவைக்கு கட்டைவிரலை எடுத்துட்டா ஃபோகஸ் நின்னுடும், பறந்தா அமுக்கிப் பிடிச்சா தொடர்ந்து வரும், மோடு மாத்துற வேலையே இல்ல.

70-300 லென்ஸ் உங்க கேமராவுல 450 மாதிரி தெரியும்னு யாராச்சும் சொல்லியிருப்பாங்க. அது க்ராப் ஃபேக்டர், 1.5 மடங்கு. லென்ஸ் நீளுறதில்ல, சின்ன சென்சார் நடுவுல இருக்கிறதை மட்டும் வெட்டி எடுத்துக்குது, அதனால கிட்ட வந்த மாதிரி இருக்கு.

பறவைக்காரங்க பேச்சு தனி. லைஃபர்னா வாழ்க்கையில முதல் தடவையா பாத்த பறவை. ரெக்கார்ட் ஷாட்னா படம் நல்லா இல்லாட்டியும் பாத்ததுக்கு அத்தாட்சி. ஃப்ளஷ்னா பறவையை மெரட்டிக் கெளப்புறது, இந்த வார்த்தையை யாராச்சும் பெருமையா சொன்னா அவங்க கூட அடுத்த தடவை போகாதீங்க. பூநாரை கெளம்புறப்ப தண்ணி மேல ஓடிக்கிட்டே எறகை விரிக்கிறது அழகு தான், கருப்பும் செவப்பும் அப்பத்தான் தெரியும், அதுக்காக கைதட்டி கெளப்பி விடறதை என் கண்ணால பாத்திருக்கேன், வயிறு எரிஞ்சுது. எத்தனையோ மைல் பறந்து வந்து நம்ம பெண்கடல் (வடக்கப் பக்கத்து அமைதியான கடல்) ஓரத்து சேத்துல எரை தேடுதுங்க. தானா கெளம்பும், உக்காந்திருங்க.

அதோட எக்ஸிஃப்னு ஒண்ணு, படத்துக்குள்ளயே ஒட்டிக்கிட்டு வர்ற தகவல், ஷட்டர், அப்பர்ச்சர், தேதி, போன்ல எடுத்தா எந்த எடம்ங்கிறது கூட. அடுத்தவங்க படத்தோட எக்ஸிஃப் பாக்குறது கத்துக்கிறதுக்கு நல்ல வழி. ஆனா கூடு கட்டியிருக்கிற எடம், ஆமை முட்டையிட்ட எடம் இதையெல்லாம் எடுத்தா அந்த எடத் தகவலை அழிச்சிட்டுத்தான் வெளிய போடணும்.

பேச்சு வார்த்தைங்களை வேகமா முடிச்சிடறேன். சிம்பிங்னா ஒவ்வொரு க்ளிக்குக்கும் குனிஞ்சு ஸ்க்ரீனைப் பாக்குறது, சிம்பன்சியில இருந்து வந்த பேரு, பறவை போற நேரத்துல வேணாம், மத்தபடி கத்துக்கிறப்ப பாக்குறது தப்பில்ல, வெக்கப்படாம பாருங்க. பிக்சல் பீப்பிங்னா படத்தை நூறு சதவீதம் பெருசாக்கி ஓரம் ஓரமா நோண்டுறது. காஸ்னா பொருள் மேல பொருள் வாங்கத் தோணுற ஆசை, கிட்டார் வாசிக்கிறவங்க கிட்ட இருந்து வந்த சொல்லு. டிஓஎஃப்னா எம்புட்டு ஆழத்துக்கு ஃபோகஸ் நிக்குதுங்கிறது. எம்எஃப்னா மேனுவல் ஃபோகஸ், சில நேரம் மீடியம் ஃபார்மட்டும், பேச்சைப் பாத்து புரிஞ்சுக்கணும். எஃப்எஃப் கூட அப்படித்தான், ஃபுல் ஃப்ரேம்னும் வரும், ஃபோகஸ் முன்னாடி விழுற ஃப்ரன்ட் ஃபோகஸ்னும் வரும். சி அண்ட் சின்னு படத்துக்குக் கீழ போட்டா கொறை நெறை சொல்லுங்கன்னு கேக்குறாங்க.

பொக்கேன்னதும் கல்யாணத்துல குடுக்கிற பூச்செண்டு ஞாபகம் வரும், ரெண்டுக்கும் சம்பந்தமில்ல. ஜப்பான் மொழியில மங்கல்ங்கிற அர்த்தத்துல உள்ள சொல்லு. இங்கிலீஷ்காரங்க சரியா உச்சரிக்கணும்னு 1997ல ஒரு அமெரிக்க போட்டோ பத்திரிகையில கடைசியில ஒரு ஹெச் சேர்த்து எழுதினாங்க, அது அப்படியே நெலைச்சிடுச்சு. பின்னாடி எம்புட்டு மங்கியிருக்குங்கிறது இல்ல, அந்த மங்கல் எப்படி இருக்குங்கிறது தான் பொக்கே. ராத்திரி மண்டபம் துறையில படகு லைட்டெல்லாம் வட்ட வட்டமா வர்ற மாதிரி எடுத்துப் பாருங்க, வட்டத்தோட ஓரம் மெதுவா கரையுதா கூரா வெட்டுதான்னு லென்ஸுக்கு லென்ஸ் மாறும்.

எஸ்ஓஓசி, கேமராவுல இருந்து அப்படியே எடுத்தது, எடிட் இல்ல. இதைப் பெருமையா சொல்றவங்க நெறைய, எனக்கு இதுல உடன்பாடு இல்ல. நீங்க ஜேபெக்ல எடுத்தா கேமராவே உள்ள உக்காந்து கலர் ஏத்தி, கூர்மையாக்கி, அமுக்கித்தான் குடுக்குது, அந்த எடிட்டை கம்பெனியோட இஞ்சினியர் பண்ணியிருக்காரு, நீங்க பண்ணல, அம்புட்டு தான் வித்தியாசம். ரான்னா சுருக்கெழுத்து இல்ல, பச்சைன்னு அர்த்தம், சமைக்காத மீன் மாதிரி. சமைக்கத் தெரிஞ்சா ரா எடுங்க. இப்போதைக்கு ரா பிளஸ் ஜேபெக் ரெண்டையும் சேர்த்து எடுக்கிற செட்டிங்ல வைங்க, ரெண்டு வருசம் கழிச்சு பழைய ராவைத் தொறக்கிறப்ப சந்தோஷப்படுவீங்க.

கடைசியா அந்த விளம்பரம். எல்என்ஐபின்னா புதுசு மாதிரி இருக்கு, பெட்டியோட. பிஎன்ஐபின்னா பிரிக்காத புதுசு. மின்ட்னா கீறல் இல்ல. எஸ்சின்னா ஷட்டர் கவுண்ட், பாடி வாங்குறப்ப மட்டும் பாக்குறது, ஆரம்ப நெலை டிஎஸ்எல்ஆருக்கு ஒரு லட்சம் க்ளிக் பக்கம் கணக்கு வைப்பாங்க. கிரேன்னா இந்தியா வாரன்ட்டி இல்லாம வெளியில இருந்து வந்தது. சிஎல்ஏன்னு போட்டா சுத்தம் பண்ணி, எண்ணெய் போட்டு, சரி பண்ணது, பழைய ஃபிலிம் கேமராவுல வரும்.

ஃபங்கஸ் ஃப்ரீங்கிற வார்த்தையை மட்டும் நம்பவே நம்பாதீங்க, நம்ம கரையில விக்கிற எந்த லென்ஸுலயும். ஈரக்காத்துல பீரோவுக்குள்ள ஒரு மழைக்காலம் இருந்தாலே கண்ணாடிக்கு உள்ள நூல் நூலா பூஞ்சை ஓடியிருக்கும். லென்ஸோட ரெண்டு மூடியையும் கழட்டி, ஒரு பக்கம் டார்ச் அடிச்சு மறுபக்கம் சாய்ச்சு சாய்ச்சு பாருங்க, சிலந்தி வலை மாதிரி இருந்தா ஃபங்கஸ், பால் ஊத்துன மாதிரி மங்கலா இருந்தா ஹேஸ். பின்னாடி மவுண்ட் ஸ்க்ரூவுல பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தா உப்பு உள்ள போயிருக்கு, வெலை எம்புட்டு கொறைச்சாலும் வேணாம். டபிள்யூஆர், வெதர் சீல்டுன்னு போட்டிருந்தாலும் அது தூறலுக்கும் தூசிக்கும் தான், கடல் உப்புக்கு இல்ல. வாங்கின பொறவு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுல சிலிக்கா ஜெல்லும் ஈரத்தை அளக்கிற ஒரு சின்ன ஈரமானியும் போட்டு வைங்க, 40ல இருந்து 50 சதவீதத்துக்குள்ள நின்னா போதும். அரிச்சல்முனையில கச்சான் அடிக்கிற ஆனி ஆடியில லென்ஸை வெளிய வச்சு மாத்தாதீங்க, வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியில நனைச்சு பிழிஞ்ச துணியால பாடியைத் தொடைச்சிட்டு பொறவு காஞ்ச துணியால ஒத்தி எடுங்க.

விக்கிறவர் கிட்ட "லென்ஸ் மேல ஏஎஃப்-எஸ்னு இருக்கா, விஆர் சுவிட்ச் இருக்கா, பக்கவாட்டுல ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க"ன்னு கேளுங்க. ரெண்டும் இருந்தா அது வேற லென்ஸ், உங்க பாடிக்கு சரியா வரும், போயி பாக்கலாம். இல்லைன்னா விட்டுடுங்க, வேற வரும். பாக்கப் போற நாளை மட்டும் முன்னாடியே சொல்லுங்க தம்பி, உங்க டி5300ஐயும் எடுத்துட்டு வாங்க, நான் டார்ச்சோட வந்துடறேன்.